அஞ்சல் வழங்கியில் குழுவுக்குரிய பொதுக் கோப்புறைகள்: உரிமைப் பகுப்பும் தமிழ்ச் சொல்லாக்கமும்

1. முன்னுரை

மின்னஞ்சல் பெரும்பாலும் ஒருவர் மற்றொருவர்க்கு விடுக்கும் மடலாகவே கருதப்படுகின்றது. ஆயினும் நிறுவனங்களுக்கு வந்து சேரும் மடல்களுள் பல தனியொருவர்க்கு உரியன அல்ல. அகராதித் திட்டமொன்றுக்கு வரும் சொல் விளக்க வினாக்கள், மொழிபெயர்ப்புக் குழுவுக்குப் பதிப்பாளர் எழுதும் திருத்தங்கள், கருத்தரங்குக்கு வரும் கட்டுரைச் சுருக்கங்கள் ஆகியன குழுவுக்கு உரியன. இவற்றைக் குழுவினர் யாவரும் காண வேண்டும். முன்னர் எழுதப்பட்ட விடையைத் தேடி எடுக்க வேண்டும். ஒருவர் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின்னரும் அவர் பார்த்துவந்த மடல்கள் குழுவின் கையில் இருக்க வேண்டும். தனியொருவரின் அஞ்சல் பெட்டிக்குள் இவை முடங்கிவிடின், அவரோடு திட்டத்தின் நினைவும் வெளியேறிவிடுகின்றது. இதனைத் தவிர்க்க அஞ்சல் வழங்கியிலேயே குழுவுக்கெனப் பொதுக் கோப்புறை அமைக்கும் முறை உருவாயிற்று.

இம்முறையின் அமைப்பை விளக்குவதும், அதன் உயிர்நாடியாகிய உரிமைப் பகுப்பைக் குறிக்கத் தமிழில் ஆளப்படும் சொற்கள் எவ்வாறு அமைய வேண்டும் எனக் காண்பதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும். இங்குச் சொல்லாக்கம் வெறும் நடைச் சிக்கல் அன்று. ஒரு சொல் இரண்டு செயல்களைக் குறிக்குமாயின், பயன்படுத்துபவர் ஒன்றை எண்ணி மற்றொன்றைச் செய்துவிடக் கூடும். அதனால் குழு முழுவதற்கும் உரிய மடல்கள் அழிய நேரிடும்.

2. பகிர்தலும் பொதுமையும்

ஒரு மடலை ஐவர்க்கு உரியதாக்க இரு வழிகள் உள்ளன. குழு முகவரிக்கு வரும் மடலின் நகலை ஐவர் பெட்டிக்கும் அனுப்புதல் முதல் வழி. இதில் ஐந்து நகல்கள் தோன்றுகின்றன. ஒருவர் தம் நகலை நீக்கினால் ஏனையோர் நகல்கள் மாறுவதில்லை. ஒருவர் விடை எழுதிவிட்டார் என்பதும் மற்றவர்க்குத் தாமே தெரிய வருவதில்லை. குழுவில் பின்னர்ச் சேரும் ஆறாமவர்க்குப் பழைய மடல்கள் கிட்டுவதுமில்லை.

வழங்கியில் ஒரே ஒரு படியை வைத்து, ஐவரும் அதனை அணுகச் செய்தல் இரண்டாம் வழி. இதில் ஒருவர் செய்யும் மாற்றம் எல்லார்க்கும் தெரிகின்றது. எல்லாரையும் பாதிக்கவும் செய்கின்றது. புதிதாகச் சேர்பவர் முதல் மடலிலிருந்தே படிக்கலாம்.

ஆங்கிலத்தில் இவ்விரண்டினையும் ‘ஷேர்’ என்னும் ஒரே வினை குறிக்கும். தமிழில் ‘பகிர்’ என்னும் வினைக்குப் பகுத்துக் கொடுத்தல் என்பதே அடிப்படைப் பொருள். மின் பகிர்மானம் என்னும் நிருவாக ஆட்சியிலும் இப்பொருளே நிலைபெற்றுள்ளது. எனவே நகல் அனுப்பும் முதல் வழிக்குப் ‘பகிர்தல்’ மிகவும் பொருந்துகின்றது. பகுக்கப்படாது ஒன்றாகவே நின்று பலர்க்கும் உரித்தாகும் இரண்டாம் வழிக்குப் ‘பொது’ என்பதே தக்க சொல். பொதுக் கிணறு, பொது வழி என்னும் தொடர்களில் அப்பொருள் தெளிவாக உள்ளது. கணினி வழக்கில் ‘பகிர்’ இன்று இரு பொருளிலும் பரவியுள்ளதாயினும், வேறுபாடு வேண்டப்படும் இடமாதலின் இக்கட்டுரையில் ‘பொதுக் கோப்புறை’ என்பதே ஆளப்படுகின்றது.

3. முறையின் தோற்றம்

மடலை வழங்கியிலேயே வைத்துப் படிக்கும் ஐமேப் நெறிமுறையை 1986ஆம் ஆண்டில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மார்க் கிறிஸ்பின் உருவாக்கினார். மடலைப் பயனரின் கணிப்பொறிக்கு இறக்கிக்கொள்வதை முதன்மையாகக் கொண்ட பாப் நெறிமுறையிலிருந்து இது அடிப்படையில் வேறுபட்டது. மடல் வழங்கியில் நிலைத்திருந்தால்தான் பலர் அதனை அணுக இயலும் என்பதால், பொதுக் கோப்புறைக்கு ஐமேப் அடித்தளமாயிற்று. அதன் நான்காம் பதிப்பு 1994ஆம் ஆண்டிலும், அதன் திருத்தம் ஆர்.எஃப்.சி. 2060 என்னும் ஆவணமாக 1996ஆம் ஆண்டிலும் வெளிவந்தன.

பல பயனர்க்கும் பொதுவான அறிவிப்புப் பலகைகளை மின்னஞ்சல் அமைப்போடு இணைத்து வழங்கும் மரபு அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கிலுள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1980களிலேயே இருந்தது. அங்கு 1990களில் உருவான சைரஸ் என்னும் ஐமேப் வழங்கி, அத்தகைய பொதுப் பலகைகளைக் கோப்புறைகளாகவே அமைத்தது. யார் எதனைச் செய்யலாம் என வரையறுக்கும் அணுகுரிமைப் பட்டியல், அப்பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஜான் மையர்ஸ் எழுதிய ஆர்.எஃப்.சி. 2086 வழியாக 1997ஆம் ஆண்டு சனவரியில் பொது விதியாயிற்று. இதன் திருந்திய வடிவம் 2005ஆம் ஆண்டு திசம்பரில் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 4314 ஆகும். இத்திருத்தத்தின் காரணம் பின்னர் விளக்கப்படும்.

நெறிமுறை ஆவணங்களில் ‘அஞ்சல் பெட்டி’ எனச் சுட்டப்படுவதும், பயனர் திரையில் ‘கோப்புறை’ எனத் தோன்றுவதும் ஒன்றே என்பது மொழிபெயர்ப்பாளர் கருத்தில் கொள்ளத்தக்கது.

4. மூன்று பெயர்வெளிகள்

ஆர்.எஃப்.சி. 2342 என்னும் 1998ஆம் ஆண்டு ஆவணம், ஒரு பயனர் காணும் கோப்புறைகளை மூன்று பெயர்வெளிகளாகப் பகுக்கின்றது. தமக்கே உரியவை முதல் வகை. பிற பயனர்க்கு உரியவையாய், அவர் இசைவால் காணக் கிடைப்பவை இரண்டாம் வகை. எந்தத் தனிப் பயனர்க்கும் உரிமையாகாமல் பொதுவில் நிற்பவை மூன்றாம் வகை.

குழுப் பணிக்கு இவற்றுள் இரண்டாம் வகையே பலரால் முதலில் தேர்ந்தெடுக்கப்படுகின்றது. ஒருவர் தம் கோப்புறையைப் பிறர்க்குத் திறந்துவிடுதல் எளிது. ஆயின் அக்கோப்புறை அவருடைய கணக்கின் உறுப்பாகவே நிற்கின்றது. கணக்கு முடிக்கப்படும்போது கோப்புறையும் உடன் நீங்கிவிடும். குழுவின் நினைவு நிலைக்க வேண்டுமாயின் மூன்றாம் வகையே ஏற்றது.

இப்பகுப்பு தமிழிலக்கணத்தின் இடப்பாகுபாட்டோடு ஒப்பிடத்தக்கது. முதல் வகை ‘என்’ என்னும் தன்மை ஒருமை. இரண்டாவது ‘அவர்’ என்னும் படர்க்கை. மூன்றாவது, கேட்பவரையும் உள்ளடக்கிய உளப்பாட்டுப் பன்மையாகிய ‘நம்’. திரைச் சொல்லாக்கத்தில் மூன்றாம் வகைக்கு ‘எங்கள் கோப்புறை’ எனின், பார்ப்பவர் தாம் விலக்கப்பட்டதாகக் கொள்ள இடமுண்டு. ஆங்கிலம் காட்டாத இவ்வேறுபாட்டைத் தமிழ் இயல்பாகவே காட்டுகின்றது.

5. உரிமைகளின் பகுப்பு

ஆர்.எஃப்.சி. 4314 பதினோர் உரிமைகளை வரையறுக்கின்றது. ஒவ்வொன்றும் ஓர் ஆங்கில எழுத்தால் குறிக்கப்படும். அவற்றுக்குரிய தமிழ்ப் பெயர்களைப் பின்வருமாறு அமைக்கலாம்.

‘எல்’ – காணல்: கோப்புறை இருப்பதைப் பட்டியலில் காணுதல்.
‘ஆர்’ – படித்தல்: கோப்புறையைத் திறந்து மடல்களைப் படித்தல்.
‘எஸ்’ – படித்தமை குறித்தல்: படித்த நிலையை நிலைநிறுத்தல்.
‘டபிள்யூ’ – குறியிடல்: படித்தமை, நீக்கம் ஆகியன ஒழிந்த பிற குறிகளை இடுதல்.
‘ஐ’ – சேர்த்தல்: மடலைக் கோப்புறையில் இடுதல் அல்லது படியெடுத்தல்.
‘பி’ – அஞ்சல் விடுத்தல்: கோப்புறைக்குரிய முகவரிக்கு மடல் அனுப்புதல்.
‘கே’ – உட்கோப்புறை ஆக்கல்.
‘எக்ஸ்’ – கோப்புறையை அகற்றல்.
‘டி’ – நீக்கக் குறி இடல்.
‘இ’ – களைதல்: நீக்கக் குறி பெற்ற மடல்களை அறவே ஒழித்தல்.
‘ஏ’ – ஆளுதல்: உரிமைப் பட்டியலையே மாற்றுதல்.

இவ்வுரிமைகள் ஒன்றையொன்று தழுவி நில்லாமல் தனித்தனியே நிற்பன. காணும் உரிமை பெற்றவர் படிக்கும் உரிமை பெறாதிருக்கலாம். அஞ்சல் விடுக்கும் உரிமை பெற்ற வெளியார், கோப்புறை ஒன்று உண்டு என்பதையே அறியாதிருக்கலாம்.

உரிமைகள் தனிப் பயனர்க்கோ குழுவுக்கோ வழங்கப்படும். சைரஸ், டவ்காட் ஆகிய இரு வழங்கிகளிலும் குழுவின் பெயர்க்கு முன் ‘குரூப்’ என்னும் முன்னொட்டு இடப்பட்டுப் பயனர் பெயரினின்று பிரித்தறியப்படுகின்றது. ஒருவர் தம் பெயராலும் குழுவின் பெயராலும் வெவ்வேறு உரிமைகள் பெற்றிருப்பின், அவை எவ்வாறு இணையும் என்பது வழங்கிக்கு வழங்கி வேறுபடும். இறுதியில் எஞ்சும் உரிமை எது என அறிய ‘மைரைட்ஸ்’ என்னும் கட்டளை உள்ளது.

இவையன்றி ‘எனிஒன்’ என்னும் சிறப்புப் பெயரொன்றும் உண்டு. இது குழு உறுப்பினர் யாவரையும் குறிப்பது அன்று; பெயர் அறிவியாது நுழைபவர் உட்பட உலகில் எவரையும் குறிப்பது. இதனை ‘அனைவரும்’ எனப் பெயர்ப்பது இடர் தரும். தமிழில் ‘அனைவரும்’ என்பது முன்னரே அறியப்பட்ட ஒரு தொகுதியின் முழுமையைச் சுட்டும். குழுச் சூழலில் அது குழுவினர் அனைவரையும் எனவே பொருள்படும். அவ்வாறு எண்ணிப் படிக்கும் உரிமையை வழங்கும் நிருவாகி, கோப்புறையை அறியாதார்க்கும் திறந்துவிடுகின்றார். எல்லையற்ற தொகுதியைச் சுட்டும் ‘எவரும்’ என்பதே இங்குப் பொருந்தும்.

6. ‘நீக்கு’ என்னும் ஒரு சொல்

1997ஆம் ஆண்டு விதியில் உரிமைகள் ஒன்பதே. அவற்றுள் ‘டெலீட்’ என்பதன் முதலெழுத்தாகிய ‘டி’, மடலுக்கு நீக்கக் குறி இடுவதையும் அம்மடலைக் களைவதையும் ஒருங்கே குறித்தது. கோப்புறையையே அகற்றும் உரிமை எதனுள் அடங்கும் என்பது வழங்கிக்கு வழங்கி மாறுபட்டது. சிலவற்றில் அது இந்த எழுத்தினுள்ளும், சிலவற்றில் ஆக்கல் உரிமையினுள்ளும் அடங்கிற்று. ஓரெழுத்து மூன்று பொருளுக்கு இடம்தந்த இந்நிலையை 2005ஆம் ஆண்டுத் திருத்தம் மாற்றி, மூன்றுக்கும் தனித்தனி எழுத்துகளை வகுத்தது. நெறிமுறையே பல்பொருள் ஒருசொல் நிலையிலிருந்து விடுபட ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் ஆயின எனலாம்.

இப்பிரிப்பின் தேவை பொதுக் கோப்புறையில்தான் நன்கு புலப்படுகின்றது. ஐமேப் முறையில் மடலை ஒழித்தல் இருபடிச் செயல். முதற்படியில் மடல் நீக்கக் குறி பெறுகின்றது. குறியை எடுத்துவிட்டால் மடல் பழைய நிலைக்குத் திரும்பும். இரண்டாம் படியாகிய களைதல் நிகழ்ந்தபின் மீட்சி இல்லை. தனியொருவர் பெட்டியில் குறியிட்டவரும் களைபவரும் ஒருவரே ஆதலின் குழப்பம் குறைவு. பொதுக் கோப்புறையில் நீக்கக் குறி பொதுவானது. வாணி என்பவர் ஐயத்தோடு குறியிட்டு வைத்த மடல்களை, வேறொரு மடலை ஒழிக்க விரும்பிய செல்வம் என்பவர் களைதல் கட்டளையால் ஒருசேர அழித்துவிட முடியும். அக்கட்டளை, குறியிட்டவர் யார் என்று பார்ப்பதில்லை. கோப்புறையை மூடும் ‘குளோஸ்’ கட்டளையும் குறியிட்ட மடல்களைக் களைந்துவிடும் இயல்பினது. குறித்த மடல்களை மட்டும் களையும் வழி 1998ஆம் ஆண்டில் ஆர்.எஃப்.சி. 2359 வாயிலாக வந்தது. எனினும் அது வழங்கியும் அஞ்சல் மென்பொருளும் ஆகிய இரண்டும் பின்பற்றினாலன்றிப் பயன் தாராது.

இந்நிலையில் மூன்று செயல்களுக்கும் ‘நீக்கு’ என ஒரே சொல்லை இடும் தமிழ்த் திரை, 2005இல் விதி பிரித்தவற்றை மீண்டும் ஒன்றாக்கிவிடுகின்றது. நீக்கக் குறி இடல், களைதல், அகற்றல் என மூன்று சொற்களைப் பேணுதல் வேண்டும். வயலில் வேண்டாதவற்றைத் தேர்ந்து வேரோடு எடுத்தலாகிய ‘களைதல்’, மீளா ஒழிப்பைக் குறிக்க இயல்பாகவே அமைகின்றது.

7. படித்தமையும் வினைமுதலும்

மடல் படிக்கப்பட்டதைக் காட்டும் குறி, பொதுக் கோப்புறையில் யாருக்கு உரியது என்பது அடுத்து எழும் வினா. இக்குறி எல்லார்க்கும் பொதுவாயின், ஒருவர் திறந்து பார்த்த மடல் ஏனையோர்க்கும் படித்ததாகத் தோன்றும். விடையளிக்க வேண்டியவர் அதனைக் காணாமலே கடந்துவிடுவார். குறி ஒவ்வொருவர்க்கும் தனியாயின் இவ்விடர் இல்லை. ஆனால் ஒருவரேனும் பார்த்தாரா என்பது பிறர்க்குத் தெரியாது.

சைரஸ் வழங்கி இயல்பு நிலையில் இக்குறியைத் தனித்தனியே வைக்கின்றது, வேண்டின் பொதுவாக்கலாம். டவ்காட் வழங்கியின் பொதுக் கோப்புறையில் இயல்பு நிலையில் குறிகள் பொதுவானவை. படித்தமையை மட்டும் தனியாக்கத் தனிச் சுட்டுக் கோப்பு அமைக்க வேண்டும். ஒரே அஞ்சல் மென்பொருள் இவ்விரு வழங்கிகளோடும் பேசும்போது திரையில் தோன்றும் சொல் ஒன்றே; பொருள் வேறு.

தமிழில் ‘படிக்கப்பட்டது’ என்னும் செயப்பாட்டு வடிவம் வினைமுதலை மறைக்கின்றது. குறி பொதுவாயின் இம்மறைவு உண்மைக்கு ஒத்ததே. யாரோ ஒருவர் படித்தார் என்பதற்கு மேல் அக்குறி எதனையும் கூறுவதில்லை. குறி தனியாயின் ‘தாங்கள் படித்தது’ என வினைமுதலை வெளிப்படுத்தும் வடிவம் பொருந்தும். விடை எழுதப்பட்டமையைக் காட்டும் குறி வேறு. குழுவின் பணி நிலையை அறிய அதனையே நாடுதல் வேண்டும். படித்தமைக் குறியைப் பணி முடிந்தமைக் குறியாகக் கொள்ளுதல் கூடாது.

8. தமிழில் பெயரிடல்

ஐமேப் நான்காம் பதிப்பில் ஆங்கிலம் அல்லாத கோப்புறைப் பெயர்கள் திருத்திய யூடிஎஃப்-7 என்னும் முறையால் குறியாக்கப்படுகின்றன. ‘தமிழ்’ என்னும் பெயர் ஐந்து குறிப்புள்ளிகள் கொண்டது. இம்முறையில் அது பதினாறு எழுத்துருக்களாகின்றது. திரையில் தமிழாகத் தோன்றும் பெயர், உரிமைக் கட்டளை எழுதும் நிருவாகிக்குப் பொருளற்ற எழுத்துக் கோவையாகவே தென்படும். 2021ஆம் ஆண்டு வெளிவந்த ஆர்.எஃப்.சி. 9051 வகுத்த திருந்திய பதிப்பு, யூடிஎஃப்-8 முறையில் பெயர்களை நேரே எழுத இடம் தருகின்றது. எனினும் பழைய பதிப்பைப் பின்பற்றும் மென்பொருள்களோடும் வழங்கிகள் பேச வேண்டியுள்ளது.

மொழியியலார் கருதத்தக்க வேறொரு சிக்கலும் உண்டு. ‘சொல்’ என்பதிலுள்ள ஒகர உயிர்மெய்யைச் ‘சொ’ என ஒரே உயிர்க்குறியாலும், ஒற்றைக் கொம்பும் காலும் ஆகிய இரு குறிகளாலும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. திருத்திய யூடிஎஃப்-7இல் முன்னது பதின்மூன்று எழுத்துருக்களாகவும் பின்னது பதினாறாகவும் அமைகின்றன. பெயர்களைச் சீராக்காத வழங்கியில் இவை இரு வேறு கோப்புறைகளாகிவிடும். ஒன்றுக்கு வழங்கிய உரிமை மற்றொன்றுக்குச் செல்லாது. உறுப்பினர் மடலைத் தேடிக் காணாது திகைப்பர். ஔகாரத்தை ‘ஔ’ எனவும், ஒகரத்தோடு ளகரம் சேர்த்து ‘ஒள’ எனவும் எழுதும் வழக்கைச் சீராக்க நிரல்களும் ஒன்றாக்கமாட்டா. ஆதலின் பெயரை ஒருவரே ஒருமுறை ஆக்கிவைத்து, ஏனையோர் அதனைத் தட்டச்சு செய்யாது பட்டியலிலிருந்து தேர்ந்துகொள்ளுதல் நன்று.

9. அமைக்கும் முறை

மேற்கூறியவற்றின் அடிப்படையில், ஓர் அகராதிக் குழுவுக்குரிய கோப்புறையை அமைக்கும் படிகள் பின்வருமாறு அமையலாம்.

(1) குழுவினரைப் பணி நோக்கிப் பகுத்தல். ஒருங்கிணைப்பாளர் இருவர், பதிப்பாசிரியர் சிலர், கருத்துரைக்கும் அறிஞர் சிலர் எனக் கொள்ளலாம். ஒவ்வொரு பகுதிக்கும் வழங்கியில் ஒரு குழுப் பெயர் வேண்டும். உரிமையைக் குழுவுக்கு அளித்தால், உறுப்பினர் மாறும்போது உரிமைப் பட்டியலைத் திருத்த வேண்டியதில்லை.

(2) பொதுப் பெயர்வெளியில் கோப்புறை ஆக்கல். பொருள்வாரியான உட்கோப்புறைகளை ஆக்கும் முன்னரே தலைக் கோப்புறையின் உரிமைகளை வரையறுத்தல் நலம். சைரஸ் வழங்கியில் உட்கோப்புறை, ஆக்கப்படும் பொழுதிலுள்ள தலைக் கோப்புறையின் உரிமைகளைப் பெறுகின்றது. பின்னர்த் தலைக் கோப்புறையில் செய்யும் மாற்றம் தானே கீழிறங்குவதில்லை.

(3) உரிமை வழங்கல். ஒருங்கிணைப்பாளர்க்குப் பதினோர் உரிமைகளும் உரியன. பதிப்பாசிரியர்க்குக் காணல், படித்தல், படித்தமை குறித்தல், குறியிடல், சேர்த்தல், அஞ்சல் விடுத்தல் ஆகியன போதும். நீக்கக் குறி இடும் உரிமையையும் அவர்க்கு வழங்கலாம். களையும் உரிமையை வழங்குதல் வேண்டா. அறிஞர்க்குக் காணல், படித்தல், படித்தமை குறித்தல் ஆகிய மூன்றும் அமையும்.

(4) முகவரி இணைத்தல். வெளியார் மடல் நேரே கோப்புறையில் சேர வேண்டின், ‘எவரும்’ என்பதற்கு அஞ்சல் விடுக்கும் உரிமை ஒன்றை மட்டும் தருதல் தகும்.

(5) பட்டியலில் ஏற்றல். அஞ்சல் மென்பொருள்கள் பல, பயனர் ஏற்றுக்கொண்ட கோப்புறைகளையே காட்டுவன. ஒவ்வோர் உறுப்பினரும் பொதுக் கோப்புறையை ஒருமுறை ஏற்க வேண்டும்.

(6) சரிபார்த்தல். நிருவாகியின் கணக்கில் எல்லாம் இயங்குவது சான்றாகாது. மிகக் குறைந்த உரிமையுடைய உறுப்பினர் கணக்கில் நுழைந்து, எஞ்சிய உரிமையைக் கேட்டறிதலே சரிபார்ப்பாகும்.

10. முடிவுரை

பொதுக் கோப்புறை, பலர் கைக்கு எட்டும் ஒரே படி. அதன் பயனும் இடரும் இவ்வொரு தன்மையிலிருந்தே பிறக்கின்றன. இடரைத் தடுப்பன உரிமைகள். உரிமைகளைப் பயனர்க்கு உணர்த்துவன சொற்கள். பகிர்தலும் பொதுமையும், அனைவரும் எவரும், நீக்கக் குறி இடலும் களைதலும் அகற்றலும், படிக்கப்பட்டதும் தாங்கள் படித்ததும் என இங்குக் காட்டிய வேறுபாடுகளுக்குத் தமிழில் புதுச் சொல் எதுவும் ஆக்க வேண்டியதில்லை. உள்ள சொற்களை அவற்றின் பொருள் எல்லையறிந்து ஆளுதல் போதும். மென்பொருள் மொழிபெயர்ப்பில் ஈடுபடுவோர் ஆங்கிலத் திரைச் சொல்லை மட்டும் நோக்காது, அச்சொல் வழங்கியில் எச்செயலை நிகழ்த்துகின்றது என்பதையும் அறிந்து பெயர்ப்பாராயின், குழுவின் மடல்கள் குழுவுக்கே நிலைக்கும்.